தெரிந்தும் ஏன் செய்வதில்லை? உடல்நல நடத்தை மாற்றக் கோட்பாடுகள் எங்கே உதவும், எங்கே கைவிடும்

கேள்வி: பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். உடல்நல நம்பிக்கை மாதிரி, திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு, சமூக அறிதல் கோட்பாடு, மாற்றப் படிநிலைகள் என்று பாடத்தில் வரிசையாக வருகின்றன. ஒரே விஷயத்தை வேறு வேறு பெயரில் சொல்வதுபோல இருக்கிறது. ஆட்களை நேரில் பார்த்துப் பேசும்போது இவற்றில் எது உண்மையில் கைகொடுக்கும்?

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தக் கோட்பாடுகள் ஒன்றின்மேல் ஒன்று நிறையவே படிகின்றன. ஒருவர் 'தடைகள்' என்பதை இன்னொருவர் 'கட்டுப்பாட்டு உணர்வு' என்பார், மூன்றாமவர் 'தன்திறன் நம்பிக்கை' என்பார். ஆனால் ஒவ்வொன்றும் எந்தத் தோல்வியிலிருந்து பிறந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெளிவாகிவிடும். ஒரு நல்ல பழக்கம் ஒருவரிடம் நிலைக்க வேண்டுமானால் பல கட்டங்கள் தாண்ட வேண்டும். எந்தக் கட்டத்தில் ஆள் சிக்கிக்கொள்கிறார் என்பதில்தான் கோட்பாடுகள் வேறுபடுகின்றன. பாடப்புத்தகம் அவற்றை ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவதால் இது தெரியாமல் போய்விடுகிறது.

முதலில் நம்பிக்கை மாதிரி. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள், காசும் வாங்கவில்லை. அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. ஏன் என்று பார்க்கப் போனவர்களில் ஒருவர் காட்ஃப்ரி ஹாக்பாம். 1958-இல் வெளியான அவரது ஆய்வில் இரண்டு நம்பிக்கைகள் பெரிதாகத் தெரிந்தன: எனக்கும் காசநோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் எனக்கு நல்லது. இரண்டும் இருந்தவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். நோயின் கடுமை, தடைகள், செயலைத் தூண்டும் ஒரு சமிக்ஞை ஆகியவையும் சேர்ந்து இது உடல்நல நம்பிக்கை மாதிரி ஆனது.

இந்த மாதிரியைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். அது பிறந்த இடம் ஒரே ஒரு தடவை செய்ய வேண்டிய, வலியில்லாத, இலவசமான ஒரு காரியம். வண்டியில் ஏறி, மூச்சை இழுத்துப் பிடித்து, இறங்கிவிடலாம். தினமும் நடப்பது, சிகரெட்டை விடுவது, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவது எல்லாம் வேறு ரகம். இரண்டாவது, 82 என்ற எண்ணைப் பார்த்ததும் 'அப்படியானால் நம்பிக்கையை ஊட்டினால் போதும்' என்று தோன்றும். நம்பிக்கை இருந்தவர்கள் வந்தார்கள் என்பது ஒன்று. வெளியிலிருந்து நம்பிக்கையை ஊட்டினால் வருவார்களா என்பது வேறொன்று. சுகாதாரப் பிரச்சாரங்களில் பாதி இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கிறது.

அதிலும் பயமுறுத்தல். நுரையீரல் படம், வெட்டிய கால் படம் எல்லாம் காட்டினால் ஆள் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கைக்கு அழிவே இல்லை போலிருக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த பதில் 1965-இல் ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. யேல் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்ததில் நோயாளியின் கோரமான வண்ணப் படங்களும் நடுங்கவைக்கும் விவரிப்பும் இருந்தன. சிலருக்கு மிதமான கையேடு. ஒவ்வொரு வகையிலும் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தாள்: வளாக வரைபடத்தில் சுகாதார மையத்தைச் சுற்றி ஒரு வட்டம், ஊசி போடும் நேரங்கள், 'உங்கள் வார அட்டவணையில் எந்த வகுப்பு முடிந்து எந்த வகுப்புக்குப் போகும் வழியில் அங்கே போகலாம் என்று பாருங்கள்' என்ற குறிப்பு. அவர்கள் இறுதியாண்டு மாணவர்கள். அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கோரப் படம் பார்த்தவர்கள் 'கட்டாயம் போட்டுக்கொள்வேன்' என்று அதிகம் சொன்னார்கள். உண்மையில் போய் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கணக்கெடுத்தபோது பெரிய பயத்துக்கும் சின்ன பயத்துக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் காட்டியது அந்தத் தாள்தான். அது கிடைத்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள், கிடைக்காதவர்களில் 3 சதவீதம். கையேடே இல்லாமல் தாள் மட்டும் கிடைத்தவர்களில் யாரும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே பயம் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. ஆனால் பயத்தை எவ்வளவு கூட்டினாலும் அது தானாக வழியாகிவிடாது.

1992-இல் கிம் விட் என்ற ஆய்வாளர் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஆபத்து பெரிது என்று புரிந்து, அதைத் தடுக்கத் தன்னால் முடியும் என்றும் தோன்றினால் மனிதர் ஆபத்தைக் கையாளுவார். ஆபத்து பெரிது, ஆனால் தன்னால் முடியாது என்று தோன்றினால், கையாளப்படுவது பயம் மட்டும்தான். 'எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் புகைச்சார்' என்பது அந்த வகைப் பேச்சு. அதைக் கேட்டதும் இன்னொரு புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டுவார்கள் நம் ஆட்கள். அந்த ஆள் தகவலோடு சண்டை போடவில்லை, தன் கையாலாகாத்தனத்தை மறைக்கிறார் என்பது அந்த நேரத்தில் உறைப்பதில்லை.

இங்கிருந்து நேராக, சமூக அறிதல் கோட்பாட்டை உருவாக்கிய ஆல்பர்ட் பண்டூராவுக்கு வரலாம். என் கணக்கில் இந்தத் துறையில் நின்று பிடித்த ஒரே ஒரு கருத்தைச் சொல்லச் சொன்னால், அவர் 1977-இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கையைத்தான் சொல்வேன். 'இது எனக்கு நல்லது' என்பது ஒரு நம்பிக்கை. 'இதை என்னால் செய்ய முடியும்' என்பது வேறு நம்பிக்கை. இரண்டாவது இல்லாமல் முதலாவது எத்தனை பலமாக இருந்தாலும் ஆள் நகரமாட்டார். இதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டவர்கள் பாம்பைக் கண்டு நடுங்குபவர்கள். ஒரு குழு, பயிற்சியாளர் போவா பாம்பைக் கையில் எடுப்பதைப் பார்க்க மட்டும் செய்தது. இன்னொரு குழு, பயிற்சியாளரின் துணையோடு சிறு சிறு படிகளாகத் தானே பாம்பை நெருங்கி, தொட்டு, கையில் எடுத்தது. பார்த்தவர்களுக்கும் தைரியம் வந்தது. செய்தவர்களுக்கு அதைவிட அதிகம் வந்தது.

அந்த நம்பிக்கை வரும் வழிகள் நான்கு என்று அவர் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம் எல்லாவற்றிலும் பலமானது. தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது அடுத்தது. மற்றவர் சொல்லும் ஊக்கம், உடல் தரும் சமிக்ஞைகள் அதற்கப்புறம். 'தன்னைப் போன்ற' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முழங்கால் வலியோடு மூச்சு வாங்கும் அறுபது வயதுக்காரருக்கு மாரத்தான் ஓடுபவரின் படத்தைக் காட்டினால் 'நமக்கு இதெல்லாம் ஆகாது' என்றுதான் தோன்றும். அதே முழங்கால் வலியோடு தெருமுனை வரை நடந்து திரும்பும் இன்னொரு அறுபது வயதுக்காரர் ஆயிரம் மடங்கு மேல். அப்புறம், 'உங்களால் முடியும்' என்று வாயால் சொல்வது பலவீனமான வழிகளில் ஒன்று. நாம் அதிகம் பயன்படுத்துவதும் அதைத்தான்.

திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைச் சுருக்கமாகவே தாண்டிவிடுகிறேன். ஃபிஷ்பைனும் அய்ஸனும் 1975-இல் போட்ட அடித்தளத்தில், 1980-களில் அய்ஸன் எழுப்பியது அது. ஒரு செயலைப் பற்றிய மனப்பாங்கு, வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், செயல் தன் கையில் இருக்கிறதா என்ற உணர்வு மூன்றும் சேர்ந்து நோக்கத்தை உருவாக்கும், நோக்கம் செயலை உருவாக்கும் என்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பதற்கு வசதியானது, அதனால்தான் ஆய்வேடுகளில் இது கொட்டிக் கிடக்கிறது. பிரச்சினை நோக்கத்திலிருந்து செயலுக்குப் போகும் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. 2006-இல் வெப், ஷீரன் இருவரும் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோக்கத்தைக் கணிசமாக மாற்றிய முயற்சிகள்கூட நடத்தையில் ஏறக்குறைய அதில் பாதி அளவுக்குத்தான் மாற்றம் கொண்டுவந்திருந்தன. மனதை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அந்த இடைவெளியை அடைக்க உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன வழி கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். 'இனி உடற்பயிற்சி செய்வேன்' என்று நினைப்பதற்குப் பதிலாக, 'இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில், இதை முடித்தவுடன் அதைச் செய்வேன்' என்று எழுதிவைப்பது. சாரா மில்னும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்தார்களா என்பதுதான் கேள்வி. சும்மா விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் செய்திருந்தார்கள். இதயநோய் பற்றிய ஊக்கக் கையேடு படித்த குழுவில் 35. அதே கையேட்டோடு எப்போது, எங்கே என்றும் எழுதிய குழுவில் 91.

இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது மாணவர்கள், ஒரே வாரம், அவர்களே சொன்ன பதில். 2011-இல் காத்ரின் மில்க்மனும் சகாக்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசிக்கு இதையே சோதித்தபோது, தேதியும் நேரமும் எழுதச் சொன்ன கடிதம் 33 சதவீதத்தை 37 ஆக்கியது. கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை என்பதால் அந்த நாலு சதவீதப் புள்ளி நல்ல லாபம்தான். ஆனால் நாலு என்பது நாலு. ஆய்வகத்துக்கும் அன்றாடத்துக்கும் உள்ள தூரம் இந்தத் துறை முழுக்க இப்படித்தான் இருக்கும்.

சரி, மாற்றப் படிநிலைகள். புரோசாஸ்காவும் டிக்ளெமென்டேவும் 1983-இல், சிகரெட்டைத் தாமாகவே விட்டவர்களைப் பார்த்து உருவாக்கியது. யோசிக்கவே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை, செய்யும் நிலை, தக்கவைக்கும் நிலை. இதன் ஆதாரம் அதன் புகழுக்கு ஈடாக இல்லை என்பது என் கருத்து. ஆறு மாதத்துக்குள் விட நினைப்பவர் யோசிக்கும் நிலை, முப்பது நாளுக்குள் நினைப்பவர் தயார் நிலை என்ற கோடுகள் யாரோ வசதிக்குப் போட்டவை. எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு காலையில் சட்டென்று சிகரெட்டை விட்டு, அப்படியே இருந்துவிடுபவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த ஏணியில் இடமே இல்லை. ராபர்ட் வெஸ்ட் 2005-இல் இந்த மாதிரியை ஓய்வுக்கு அனுப்பச் சொல்லியே எழுதினார். ஆனாலும் இதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: வாயைத் திறக்குமுன் 'இவர் மாற விரும்புகிறாரா?' என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது. விரும்பாதவரிடம் அட்டவணையை நீட்டிப் பயனில்லை.

விரும்பாதவரிடம் என்ன பேசுவது? இங்கே வில்லியம் மில்லர் 1983-இல் தொடங்கி, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறை உதவும். மாற்றத்துக்கான வாதத்தை நாம் பேசினால், எதிர்வாதத்தை அவர் பேசுவார். மனிதர்கள் தங்கள் வாயால் சொன்னதையே நம்புவார்கள் என்பதால் நாம் அழுத்த அழுத்த அவர் கெட்டிப்படுவார். அதனால் வாதத்தை அவர் வாயில் வரவழைக்க வேண்டும். 'சிகரெட்டை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?' என்று கேளுங்கள். 'நாலு' என்பார். பெரும்பாலோர் உடனே 'ஏன் எட்டு இல்லை?' என்பார்கள், அவரும் காரணங்களை அடுக்குவார். 'ஏன் ஒன்று என்று சொல்லவில்லை, நாலு என்கிறீர்களே?' என்று கேட்டுப் பாருங்கள். 'பிள்ளை இருமுகிறது, அதான்...' என்று அவரே ஆரம்பிப்பார். அதற்கப்புறம் நீங்கள் பேச வேண்டியது குறைவு.

டெசியும் ரையனும் முன்வைத்த சுயநிர்ணயக் கோட்பாடும் இதே திசைதான்: திணிக்கப்பட்ட மாற்றம் நிலைக்காது, தானே ஏற்றுக்கொண்டது நிலைக்கும். பெரும்பாலும் உண்மை. ஆனால் காசு கொடுத்தால் உள்ளார்வம் செத்துவிடும் என்று இதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு 2009-இல் கெவின் வோல்ப்பும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு கடிவாளம். புகைக்கும் ஊழியர்களில் ஒரு குழுவுக்குத் தகவல் மட்டும், இன்னொரு குழுவுக்குத் தகவலோடு, விட்டால் 750 டாலர் வரை பணம். பணம் நின்று ஆறு மாதம் கழித்தும் விட்டவர்களாகவே இருந்தவர்கள் பணக் குழுவில் 9.4 சதவீதம், மற்றதில் 3.6. பணம் வேலை செய்தது. பத்தில் ஒன்பது பேரிடம் அதுவும் வேலை செய்யவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் ஆளின் தலைக்குள் நடப்பது. எனக்கு வயது ஏற ஏற, தலைக்கு வெளியே இருப்பதுதான் பெரிது என்று தோன்றுகிறது. இரண்டு உதாரணங்கள்.

வியட்நாம் போரின்போது, 1971-இல், அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். லீ ராபின்ஸ் அவர்களை ஊர் திரும்பிய பின் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பி வந்த முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அமெரிக்காவில் சிகிச்சை முடித்து அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம் திரும்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுந்துகொண்டிருந்த காலம் அது. சிப்பாய்களுக்கு மன உறுதி திடீரென்று முளைக்கவில்லை. மலிவாகக் கிடைத்த சரக்கு, கூட இருந்த ஆட்கள், போர்க்களம் எல்லாமே ஒரே நாளில் மாறிப்போயின.

இரண்டாவது பின்லாந்தின் வடக்கு கரேலியா. நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் சாவதில் உலகிலேயே மோசமான இடங்களில் ஒன்றாக அது இருந்தது. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் தொடங்கிய திட்டம் இந்தக் கோட்பாடுகளைத் தெரிந்தே கையாண்டது. ஆனால் கையேட்டோடு நிற்கவில்லை. மார்த்தா என்ற குடும்பப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து கூட்டங்கள் நடத்தி, அதே பாரம்பரிய உணவைக் கொழுப்பு குறைத்துச் சமைத்துச் சாப்பிட வைத்தார்கள். தொத்திறைச்சித் தயாரிப்பாளர்களிடம் பேசிக் கொழுப்பின் ஒரு பகுதிக்குப் பதில் காளான் போட வைத்தார்கள். ஊருக்கு ஊர் கொலஸ்ட்ரால் குறைக்கும் போட்டி வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தபோது பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழி தேடினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, நாடு முழுக்க வந்த மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் உண்டு. பின்லாந்து முழுவதுமே குறைந்தது. ஆனால் யாரும் தனியாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு மாறவில்லை என்பதில் விவாதமில்லை.

நடைமுறைக்கு நான் கையில் வைத்துக்கொள்வது சூசன் மிஷியும் சகாக்களும் 2011-இல் ஏற்கெனவே இருந்த 19 சட்டகங்களை அலசி உருவாக்கிய காம்-பி (COM-B) என்ற மாதிரி. ஒரு நடத்தை நடக்க மூன்று வேண்டும்: திறன், வாய்ப்பு, ஊக்கம். அவ்வளவுதான். இது எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் ஊக்கத்தை மட்டுமே குறிவைக்கும் நம் கெட்ட பழக்கத்தைத் தடுக்கிறது.

இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பக்கவாதம் வரும்' என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும், கொஞ்சம் பொறுங்கள். எந்த மாத்திரை எப்போது என்று அவருக்குத் தெரியுமா? எழுத்தைப் படிக்க முடிகிறதா? அட்டையைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கிறதா? இது திறன். மாத்திரை தீர்ந்தால் வாங்கக் காசும் நேரமும் இருக்கிறதா? மாத்திரை வீட்டில் இருக்கும்போது அவர் வேலையில் இருக்கிறாரா? நாலு பேர் முன்னால் விழுங்கக் கூச்சமா? இது வாய்ப்பு. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஊக்கம். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்கிறாரா? அது நம்பிக்கை மாதிரியின் இடம். அழுத்தம் கூடினால் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது என்பதை, கருவியில் அவரது எண்ணைக் காட்டியே விளக்கலாம். மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றுகிறது என்றால் கோட்பாட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். அது ஊக்கக் குறைவே இல்லை. 'சாப்பிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், மறந்துபோகிறது' என்றால் கோல்விட்சரின் இடம்: பல் துலக்கியதும், தூரிகையை வைக்கும் இடத்திலேயே மாத்திரை.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பார். 21 நாள் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த எண், அறுவை சிகிச்சையில் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பி வந்தது. பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை விரிந்தது, 12 வாரத்தைத் தாண்டும் எண்கள் கணித்துச் சொன்னவை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு நாள் தவறியதும் 'போச்சு, எல்லாம் கெட்டது' என்று மொத்தமாகக் கைவிடுவதை ஆலன் மார்லட் மதுப்பழக்கத்தில் விரிவாக விவரித்திருக்கிறார். மாத்திரையிலும் அது நடக்கும்.

அப்புறம், அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். 'போன வாரம் எந்தெந்த நாள் விட்டுப்போச்சு? அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அன்றைக்கு உங்களுக்குத் தேவையான கோட்பாடு அதுதான்.